சீஃப்பின் இடது கை

அந்தக் காரின் பொனட்டை நான் முதன்முதலாகத் திறந்தபோது உள்ளேயிருந்து ஒரு பல்லி வெளியே ஓடியது. அமிர்தகழியில், வாவியின் ஓரமாக இருந்த ஒரு வீட்டு வளவில், தகரக் கொட்டகைக்குள் எட்டு மாதமாகத் துணி போர்த்தியபடி அசையாமல் நின்ற கார் அது. துணியை இழுத்தபோது கிளம்பிய தூசி, கீழே இறங்க மனமில்லாததுபோலப் பின்னேர வெயிலில் நெடுநேரம் மிதந்துகொண்டிருந்தது. அதற்கு அப்பால், விறாந்தையின் நிழலில், சக்கர நாற்காலி ஒன்றில் அவர் இருந்தார். வலது கை மடியில் கிடந்தது. இடது கை நாற்காலியின் பிடியில் இருந்தது. கண்கள் என்னைப் பார்த்தனவா, என்னைத் தாண்டித் தண்ணீரைப் பார்த்தனவா என்று சொல்ல முடியவில்லை. நான் வணக்கம் சொன்னேன்.

"தண்ணி" என்றார்.

ஊரில் எல்லோரும் அவரைச் சீஃப் என்றே அழைத்தார்கள். முப்பது வருடங்களுக்கு மேல் சரக்குக் கப்பல்களில் வேலை செய்து, சீஃப் எஞ்சினியராக இருந்து இளைப்பாறியவர். கடைசிப் பயணங்களில் ஒன்றின்போது ஜப்பானில் ஏதோ ஒரு துறைமுகத்தில் அந்தக் காரைக் கண்டு ஆசைப்பட்டு, பாவித்த காராகவே வாங்கி ஊருக்குக் கொண்டுவந்திருந்தார். இரண்டு கதவு, கருநீல நிறம், வரிசையாக ஆறு சிலிண்டர், இரட்டை டர்போ. எங்கள் பக்கத்தில் வாகனம் என்றால் நெல் ஏற்றும், மீன் ஏற்றும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றும். எதையும் ஏற்றாமல், ஓடுவதற்காகவே ஓடும் வாகனம் அது ஒன்றுதான். நகரத்துக்கு வடக்கே திருகோணமலை வீதியோரம் என் கராஜ். ஞாயிற்றுக்கிழமைகளில், வெள்ளிக்கோடு மாதிரி விடிந்துவரும் வேளையில், அது எங்களைக் கடந்து போகும். முதலில் ஒரு முணுமுணுப்பு, பிறகு ஒரு நீண்ட விசில், பிறகு ஒன்றுமில்லை. பனிச்சங்கேணிப் பாலம் வரை போய்விட்டு, மெதடிஸ்ட் தேவாலயத்தின் காலை ஆராதனைக்குத் திரும்பிவிடுவாராம். நான் அவரோடு பேசியதில்லை. அந்தச் சத்தத்தை மட்டும் எனக்குத் தெரியும். தேநீர்க் கோப்பையோடு வாசலில் நின்று அதைக் கேட்பேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அது வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை.

பாரிசவாதம் வந்து வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது என்று பிறகு அறிந்தேன். பேச்சும் போய்விட்டது. போன பேச்சில் ஒரு சொல் மட்டும் எப்படியோ மிஞ்சிக் கிடந்தது. பசித்தாலும் "தண்ணி", பாதிரியார் வந்து தலையில் கைவைத்து ஜெபித்தாலும் "தண்ணி", லண்டனிலிருந்து மகள் போனில் முகத்தைக் காட்டி அப்பா, அப்பா என்று அழுதாலும் "தண்ணி". கேட்டவர்கள் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். சில வேளை குடிப்பார். பல வேளை முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்தச் சொல் விக்கல் மாதிரித் தானாக வருவது, அதற்கு அர்த்தம் தேட வேண்டாம், அவருக்கு எவ்வளவு விளங்குகிறது என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது என்று வைத்தியர் சொன்னதாக அவருடைய மனைவி என்னிடம் சொன்னார். இதைச் சொல்லும்போது அவர் குரலைத் தாழ்த்தவில்லை. சீஃப் ஐந்தடி தூரத்தில்தான் இருந்தார்.

மனைவியை நாங்கள் டீச்சர் என்போம். கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். மெலிந்த உடம்பு, நேரான முதுகு, ஒரு சொல்லையும் வீணாக்காத பேச்சு. எட்டு மாதமாகத் தன்னைவிட இரு மடங்கு பாரமுள்ள மனிதரைத் தூக்கி, இருத்தி, குளிப்பாட்டி வந்ததில் அவருடைய மணிக்கட்டுகள் இரண்டிலும் துணி சுற்றியிருந்தது. மகள் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். அப்பாவைக் கொழும்பில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் விடுவது, அம்மாவைத் தன்னிடம் அழைப்பது, காரையும் பிறகு வீட்டையும் விற்பது. டீச்சர் அதற்கு ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. காரை மட்டும் விற்கச் சம்மதித்திருந்தார். குருநாகலில் ஒரு இளைஞர் படங்களைப் பார்த்தே வாங்க ஆயத்தமாக இருந்தார்.

"மூணு கிழமையில ஆள் வருது, தம்பி. அதுக்குள்ள ஓடத்தக்கதா ஆக்கித் தாங்க" என்றார் டீச்சர்.

புது பெற்றறி போட்டதும் எஞ்சின் உயிர்பெற்றது. ஆனால் நொண்டியது. இந்த வகை எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தலைக்கு மேலே தனித்தனிக் கொயில் இருக்கும். பெற்றறியின் சிறிய மின்சாரத்தைப் பல ஆயிரம் வோல்ட்டாகப் பெருக்கி, கீழேயுள்ள பிளக்குக்குக் கொடுப்பது அதன் வேலை. அது கொடுத்தால்தான் பிளக்கில் பொறி வரும், பொறி வந்தால்தான் பெற்றோல் எரியும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கொயில்களின் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். இரண்டாவதைக் கழற்றியபோது எஞ்சின் எந்த மாற்றமும் இல்லாமல் அப்படியே நொண்டியது. அப்படியானால் அது ஏற்கனவே செத்த கொயில். வெளியே இழுத்துப் பார்த்தேன். உப்புக்காற்று அதன் செம்பைப் பச்சையாகத் தின்றிருந்தது. கொழும்பிலிருந்து ஒன்றை வரவழைத்துப் போட்டேன். எஞ்சின் அமைதியானது. வேலை முடிந்துவிட்டது என்றே எண்ணினேன்.

அன்றைக்குத்தான் சொல்லக்கூடாத ஒரு வார்த்தையைச் சொன்னேன். போனில் என் சிநேகிதன் ஒருவன், யாருடைய கார், எப்படியிருக்கிறது என்று விசாரித்தான். நான் பொனட்டில் சாய்ந்தபடி, வாவியிலிருந்து வந்த காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு, மிகச் சாதாரணமாகச் சொன்னேன். "கார் நல்ல கார். ஆள்தான் முடிஞ்சிட்டு. உயிர் மட்டும் இரிக்கு, உள்ள ஒருத்தரும் இல்ல." சொல்லிவிட்டுத் திரும்பியபோது சீஃப்பின் நாற்காலி எனக்குப் பின்னால்தான் இருந்தது. டீச்சர் காற்றுக்காக அதை அங்கே தள்ளி விட்டிருந்தார். சீஃப்பின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அது எனக்கு வசதியாக இருந்தது.

ஆனால் கார் முடிவதாக இல்லை. ஏறாவூர் வரை ஓட்டிப் பார்த்தேன். எஞ்சின் குளிராக இருக்கும்வரை வெண்ணெய் மாதிரிப் போயிற்று. சூடேறி, டர்போ ஊதத் தொடங்கி, நான் காலை அழுத்தியதும், யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பதுபோல் ஒரு வெட்டு. காலை எடுத்தால் சரியாகிவிடும். அழுத்தினால் மறுபடி வெட்டும். பிளக் ஆறையும் மாற்றினேன். பெற்றோல் வடிகட்டியை மாற்றினேன். கொயில் ஆறையும் கழற்றி மீற்றர் வைத்து அளந்தேன். ஆறும் நலம் என்றது மீற்றர். நின்ற இடத்தில் ஓடவிட்டால் ஒரு குறையும் இல்லை. வீதிக்குக் கொண்டுபோனால் வெட்டு. அன்று என்னிடமிருந்த சோதனைக் கருவி இந்தப் பழைய ஜப்பான் எஞ்சினோடு பேசாது. எங்கோ ஒரு கொயிலில் பொறி வழி தவறிக் கசிகிறது என்று என் மனம் சொன்னது. எதில் என்றுதான் தெரியவில்லை.

இரண்டு கிழமைகள் நான் தினமும் பின்னேரம் அங்கே போனேன். இப்போது நினைத்துப் பார்த்தால் அந்தப் பின்னேரங்கள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து, ஒரே நீண்ட பின்னேரமாகத்தான் எனக்குள் இருக்கின்றன. வாவி கண்ணாடி மாதிரிக் கிடக்கும். தூரத்தில் தோணியில் நின்று ஒருவர் வலை வீசுவார். வலை தண்ணீரைத் தொட்ட பிறகுதான் அதன் சத்தம் எங்களுக்கு வந்து சேரும். மாமாங்கேஸ்வரர் கோயில் மணி கேட்கும். டீச்சர் தேநீர் கொண்டுவந்து மட்கார்டில் வைத்துவிட்டுப் போவார். எஞ்சின் ஓடும், நான் குனிந்து கேட்பேன், நிறுத்துவேன், மறுபடி ஓடவிடுவேன். நாற்காலியில் இருந்தவர் இடைக்கிடை "தண்ணி" என்பார். காகம் கரைவதுபோல, கிடுகு வேலி சரசரப்பதுபோல, அதுவும் அந்த இடத்தின் ஒரு சத்தமாக எனக்குப் பழகிவிட்டது.

இளைஞர் வரவிருந்த சனிக்கிழமைக்கு முந்திய வியாழக்கிழமை அது நடந்தது. எஞ்சின் நன்றாகச் சூடேறி ஓடிக்கொண்டிருந்தது. டீச்சர் விறாந்தைத் தூணருகே நின்று மகளோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை கார் போய்விடும், அதற்கடுத்த கிழமை கொழும்பிலிருந்து அந்த இல்லத்தின் வாகனம் வரலாம் என்று மகள் சொல்ல, டீச்சர் சரி, சரி என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

சீஃப் "தண்ணி" என்றார். வழக்கத்தைவிடச் சற்று உரக்க.

டீச்சர் போனைக் காதில் வைத்தபடியே ஒரு குவளையில் தண்ணீர் கொண்டுவந்து அவருடைய இடது கையில் கொடுத்தார். அவர் குடிக்கவில்லை. குவளையைத் தூக்கிக் காரை நோக்கி வீசினார். தண்ணீர் கார் வரைக்கும் வராமல் மணலில் விழுந்தது. குவளை உருண்டு என் காலடியில் வந்து நின்றது. டீச்சர் போனை நிறுத்திவிட்டார். அந்த எட்டு மாதத்தில் சீஃப் கோபப்பட்டு டீச்சர் கண்டதில்லையாம். தூணில் சாய்ந்து, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

நான் குவளையை எடுக்கக் குனிந்தேன். நிமிர்ந்தபோது சீஃப்பின் இடது கையைக் கண்டேன். பெருவிரல் மற்ற விரல்களின் நுனியைத் தொட்டுத் தொட்டு விடுவித்தது. மறுபடி தொட்டது, விடுவித்தது. பூவுக்குத் தண்ணீர் தெளிப்பதுபோல.

"தண்ணி" என்றார். இம்முறை மெல்லமாக, என்னைப் பார்த்து.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. பழைய கார்களில், எங்கே மின்சாரம் கசிகிறது என்று அறிய, வயர்களின்மேல் தண்ணீர் தெளித்துப் பார்ப்பது வழக்கம். ஈரம் பட்டால் கசிவு கூடும். எஞ்சின் தன் நோயைத் தானே காட்டிக்கொடுக்கும். அது எனக்கும் தெரியும். ஆனால் இவ்வளவு மின்கருவிகள் உள்ள எஞ்சினுக்குத் தண்ணீரைக் கிட்டக் கொண்டுபோகவே நான் பயந்திருந்தேன். அதனால் அந்த யோசனையே எனக்கு வரவில்லை.

குவளையை நிரப்பிக்கொண்டு வந்தேன். நாற்காலியைத் தள்ளி மட்கார்டோடு ஒட்டி நிறுத்தினேன். சீஃப் இடது கையின் விரல் நுனிகளைத் தண்ணீரில் தோய்த்தார். முதலாவது கொயிலின்மேல் இரண்டு சொட்டு. தலையைச் சரித்துக் கேட்டார். எஞ்சின் மாறவில்லை. இரண்டாவது, நான் புதிதாகப் போட்டது, மாற்றமில்லை. மூன்றாவது, நான்காவது. ஐந்தாவதன்மேல் சொட்டு விழுந்து, அதன் கழுத்து வழியாக உள்ளே வழிந்ததும், எஞ்சின் தடுமாறியது. ஓட்டைத் தகரத்தில் மழைத்துளி விழுவதுபோல ஒரு மெல்லிய டிக், டிக் என்ற சத்தம் கேட்டது. அவர் கையை எடுத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் வெற்றி எதுவும் இல்லை. கப்பலில் நேரம் பிடித்து வேலை செய்யும் ஒரு புது ஆளைப் பார்ப்பதுபோல, கொஞ்சம் பொறுமையும் கொஞ்சம் சலிப்புமாகப் பார்த்தார்.

எஞ்சினை நிறுத்தி ஐந்தாவதைக் கழற்றினேன். அதன் கழுத்தில் தலைமயிரின் தடிப்பில் ஒரு வெடிப்பு. வெடிப்பின் ஓரமாகச் சோக்கால் கோடு போட்டதுபோல ஒரு வெள்ளைத் தடம். நின்ற இடத்தில் ஓடும்போது பொறி ஒழுங்காகப் பிளக்குக்குப் போயிற்று. டர்போ ஊதி உள்ளே அமுக்கம் கூடியதும், போகவேண்டிய இடத்துக்குப் போகச் சிரமப்பட்டு, இந்த வெடிப்பால் வெளியே பாய்ந்து இரும்பில் செத்தது. மீற்றருக்குத் தெரியாதது இதுதான்.

நான் கொயிலைக் கையில் வைத்துக்கொண்டு டீச்சருக்கு விளங்கப்படுத்தத் தொடங்கினேன். அவர் கொயிலைப் பார்க்கவில்லை. நாற்காலியின் முன்னால் மணலில் முழங்காலிட்டு உட்கார்ந்தார். அவ்வளவு நேரமும் ஓடிய எஞ்சின் நின்றதில் வளவு முழுவதும் பெரிய அமைதி வந்திருந்தது.

"நான் சொல்றது உங்களுக்கு விளங்குதா?" என்று கேட்டார்.

"தண்ணி."

டீச்சர் தலையை ஆட்டினார். அவருடைய இடது கையைத் தன் இரண்டு கைகளாலும் எடுத்து, வகுப்பில் ஒரு கணக்கைத் தொடக்கத்திலிருந்து சொல்வதுபோல, ஆறுதலாகச் சொன்னார். "வாயால வேணாம். ஓம் எண்டா கையை விரிங்க. இல்லை எண்டா மூடுங்க. நான் சொல்றது விளங்குதா?"

கை விரிந்தது.

"ஆசுபத்திரியில கிடந்த நேரம் தொட்டே விளங்குதா?"

கை விரிந்தபடியே இருந்தது.

டீச்சர் அந்தக் கையையே பார்த்தார். எட்டு மாதம். அந்த எட்டு மாதத்தில் அந்த நாற்காலியின் முன்னால் என்னென்ன பேசப்பட்டிருக்கும் என்று அவர் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். நானும் எண்ணிப் பார்த்தேன். என் காது சுட்டது. அங்கிருந்து போய்விடலாம் என்று கருவிகளைப் பொறுக்கத் தொடங்கினேன். டீச்சர் கையால் என்னை இருக்கச் சொன்னார். சாட்சிக்கு ஒருவர் வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

காரை விற்க வேண்டாம், அப்படித்தானே என்று கேட்டார். கை மூடியது. டீச்சருக்கு விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை. அப்படியானால் விற்கட்டுமா என்று மாற்றிக் கேட்டார். கை விரிந்தது. நாங்கள் இருவரும் வேறு பதிலைத்தான் எதிர்பார்த்திருந்தோம். காரைக் காப்பாற்றத்தான் அவர் கோபப்பட்டார் என்று எண்ணியிருந்தோம். அப்படியில்லை. பழுதாக உள்ள ஒன்றைப் பழுதாகவே ஒருவன் கையில் கொடுத்துவிடப் போகிறார்களே என்பதுதான் அவருடைய பதற்றம். கப்பலை மற்றவரிடம் ஒப்படைத்துவிட்டு இறங்கும்போது எஞ்சின் அறை எப்படி இருக்க வேண்டும் என்பது பற்றி அவர் முன்பு நிறையச் சொல்லுவாராம்.

பிறகு டீச்சர் அந்த மற்றக் கேள்வியைக் கேட்டார். கொழும்புக்குப் போகச் சம்மதமா? கை மூடியது. விரல்கள் உள்ளங்கைக்குள் இறங்கி, மூட்டுகள் வெளுக்க இறுகின. டீச்சர் அந்த முட்டியின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். "சரி. விளங்கிட்டு. நானும் போகல்ல" என்றார்.

இளைஞரை இன்னும் பத்து நாள் பொறுக்கச் சொன்னோம். நான் புதிதாகப் போட்டதைத் தவிர மற்ற ஐந்து கொயில்களும் ஒரே வயது, ஒன்று வெடித்தால் மற்றவையும் அதே வழியில்தான் போகும் என்று நான் சொன்னபோது சீஃப் கையை விரித்து ஆமோதித்தார். ஐந்தையும் புதிதாகவே எடுப்பித்தோம். ஒவ்வொன்றாக நான் இறக்க, அவர் நாற்காலியில் இருந்தபடி பார்த்தார். வயர்களைக் கொயிலோடு இணைக்கும் பூட்டுகள் சூட்டில் காய்ந்து பிஸ்கட் மாதிரி உடைந்தன. அவற்றையும் மாற்றும்வரை அவர் கையை மூடியபடியே வைத்திருந்தார். என் வேலையை அவ்வளவு கண்டிப்பாக அதற்கு முன்பும் பின்பும் யாரும் பார்த்ததில்லை.

ஓட்டிப் பார்க்கப் புறப்பட்ட பின்னேரத்தில், தானும் வரவேண்டும் என்று கையைக் காட்டினார். நானும் டீச்சரும் அவரைத் தூக்கி முன் ஆசனத்தில் இருத்தி, இடுப்புப் பட்டியைப் போட்டுவிட்டோம். சாவியை நான் எடுக்கப் போனேன். சீஃப் கையை மூடி என்னைத் தடுத்தார். டீச்சரைப் பார்த்துக் கையை விரித்தார். டீச்சர் சின்னக் காரில் பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்தவர். இந்தக் காரின் ஸ்டியரிங்கைத் துடைப்பதற்குத் தவிர தொட்டதில்லை. ஒரு நிமிடம் நின்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். நான் பின்னால், இரண்டு முழங்காலும் தாடையைத் தொட, மடங்கி உட்கார்ந்தேன்.

அந்தப் பயணத்தை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்துவிட்டேன். நினைக்க நினைக்க அது நடந்ததுதானா என்ற சந்தேகம் கூடுகிறது. செங்கலடியைக் கடந்ததும் இரண்டு பக்கமும் நெல் வட்டைகள் பச்சையாக விரிந்தன. கதிர் இன்னும் வராத பயிர், காற்றில் ஒரே துணியாக அலைந்தது. ஓட்டமாவடியில் அசர் தொழுகைக்கான பாங்கு எங்கள் ஜன்னலுக்குள்ளால் வந்து போயிற்று. பொலன்னறுவைப் பஸ் ஒன்று வழிவிட்டது. அதுவரை டீச்சர், பின்வரிசையில் உள்ள பிள்ளையையும் கவனிக்கும் ஆசிரியையாகவே ஓட்டினார். பிறகு வீதி நேராகி, வாகனங்கள் குறைந்து, ஒரு பக்கம் பற்றைக்காடும் மறுபக்கம் தண்ணீரின் மினுக்கமும் மட்டும் மிஞ்சின. சீஃப் இடது உள்ளங்கையை மேலே தூக்கிக் காட்டினார். இன்னும், இன்னும் என்றது அந்தக் கை.

டீச்சர் காலை அழுத்தினார்.

என் கராஜ் வாசலில் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கேட்ட அந்த விசில், இப்போது அதன் உள்ளே இருந்தபடி கேட்டேன். வெட்டு வரும் என்று என் உடம்பு முழுவதும் காத்திருந்தது. வரவில்லை. ஆறு சிலிண்டரும் ஒரே மூச்சாக ஒலித்தன. மரங்கள் கோடுகளாயின. எதிரே வந்த வெளிச்சத்துக்குள் நாங்கள் மெல்ல மெல்ல விழுந்துகொண்டிருப்பதுபோல இருந்தது; வேகமாகப் போகிறோம் என்றே தோன்றவில்லை. நான் முன்னால் சாய்ந்து பார்த்தேன். சீஃப் கண்ணை மூடியிருந்தார். டீச்சர் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பல் தெரியச் சிரிக்க வரும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

பனிச்சங்கேணிப் பாலத்தில் நிறுத்தினோம். நீர்க்காகங்கள் கம்பங்களில் சிறகை விரித்துக் காய்ந்தன. பாலத்தின் கீழே களப்புத் தண்ணீர் கடலை நோக்கி அசைவதும் அசையாததுமாகப் போய்க்கொண்டிருந்தது. சூடான எஞ்சின் ஆறும்போது எழுப்பும் சின்னச் சின்னச் சத்தங்கள் மட்டும் கேட்டன.

குருநாகல் இளைஞர் வந்தபோது சீஃப் தன் இடது கையாலேயே சாவியைக் கொடுத்தார். கார் வாசலைத் தாண்டிப் போன பிறகு, அதன் சத்தம் ஓயும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, உள்ளே தள்ளிக்கொண்டு போகச் சொல்லிக் காட்டினார். அவ்வளவுதான். அதைப் பற்றி வருந்தினாரா என்று டீச்சர் பிறகொரு நாள் கேட்டபோது கை விரியவும் இல்லை, மூடவும் இல்லை, நடுவில் நின்றதாம்.

அதன் பின் நான்கு வருடங்கள் இருந்தார். மகள் வந்து ஒரு மாதம் நின்று, காலையிலிருந்து மாலைவரை அவரிடம் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார். சின்ன வயதில் தான் கேட்க மறந்த எல்லாவற்றையும் கேட்டாராம். போகும்போது, இனி ஒருபோதும் அப்பாவை வேறு இடத்துக்கு அனுப்பும் கதை கதைக்க மாட்டேன் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டுப் போனார். நான் வேலையில்லாத பின்னேரங்களில் அங்கே போய்வருவேன். நாற்காலிச் சில்லுக்கு எண்ணெய் விடுவேன். கராஜில் வந்து நிற்கும் வாகனங்களின் நோய்களைச் சொல்வேன். இதுவா, அதுவா என்று கேட்பேன். கை விரியும், மூடும். பெரும்பாலும் அவர் சரி.

என் நெஞ்சில் கிடந்த அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு ஒரு வருடம் எடுத்தது. டீச்சர் கடைக்குப் போயிருந்த ஒரு நாள், அவர் முன்னால் குந்தியிருந்து கேட்டேன். "சீஃப், தொடக்கத்தில நான் போன்ல ஒரு கதை சொன்னன். உள்ள ஒருத்தரும் இல்லை எண்டு. அதை நீங்க கேட்டீங்களா?" அவர் என்னைப் பார்த்தார். பிறகு பார்வையை எடுத்து வாவியைப் பார்த்தார். கையை மூடினார். இல்லை. அதற்கு முன்போ பின்போ அவர் எனக்குப் பதில் சொல்லும்போது பார்வையை எடுத்ததில்லை. எனக்காக அவர் சொன்ன பொய் அது என்று எனக்குத் தெரியும். அவருக்கும், எனக்குத் தெரியும் என்பது தெரியும். நான் அவருடைய கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

இப்போது என்னிடம் உள்ள கருவியைச் செருகினால், எந்தச் சிலிண்டரில் பொறி தவறுகிறது என்பதைச் சிறு திரையில் இலக்கமாகவே எழுதிக் காட்டுகிறது. நல்லதுதான். வேலை விரைவாக முடிகிறது. ஆனாலும் வாகனத்தோடு யாராவது முதியவர் வந்து பேசாமல் ஒரு மூலையில் இருந்தால், வேலை தொடங்குமுன் அவரிடம் போய், என்ன சத்தம் கேட்டது என்று விசாரிக்கிறேன். சிலர் ஒன்றும் சொல்வதில்லை. காத்திருந்து பார்க்கிறேன்.

டீச்சர் அதே வீட்டில்தான் இருக்கிறார். லண்டனுக்கு ஒருமுறை போய்விட்டுக் குளிர் ஒத்துவரவில்லை என்று திரும்பிவிட்டார். சென்ற மாதம் அவருடைய சின்னக் காரைப் பார்க்கப் போயிருந்தேன். தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, நான் கேட்காமலே, சீஃப்பின் கடைசிக் காலையைப் பற்றிச் சொன்னார். விடிந்து நல்ல வெளிச்சம் வந்த நேரமாம். கட்டிலை வாவிப் பக்கம் திருப்பி வைத்திருந்தாராம். மூச்சு மாறியதைக் கண்டு, பக்கத்தில் போய் இருந்துகொண்டு, போகப் போறீங்களா என்று கேட்டாராம். கை விரிந்ததாம்.

"பிறகு, பயமா இரிக்கா எண்டு கேட்டன், தம்பி" என்றார் டீச்சர். கோப்பையைக் கீழே வைத்தார். "என்ட கை அவர்ட கைக்குள்ளதான் இரிந்த. அப்படியே மூடினார்."